ஆயிரம் பவுன் மனிதர்

கால்பந்து ஆட்டத்துக்கும் எனக்கும் உள்ள உறவு மிகச் சொற்பம். கல்லூரியில் படித்த இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை பந்தை உதைத்தேன். பந்து நகரவில்லை, கால் சுளுக்கிக்கொண்டது. அப்படிப்பட்டவன் ஓர் ஆங்கிலேய ஆட்டக்காரரைப் பற்றி எழுதுகிறேன் என்றால், அதற்குப் பொறுப்பாளி என் அக்காள் மகன்தான்.

"மாமா, முதன்முதலா ஆயிரம் பவுனுக்கு விலைபோன ஆட்டக்காரர் யார் தெரியுமா?" என்றான் ஒரு நாள்.

பவுன் என்றதும் சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அது இங்கிலீஷ்காரன் நாணயம் என்று தெரிந்ததும் முகம் வாடிவிட்டது.

அவர் பெயர் ஆல்ஃப் காமன். 1880-இல் சுந்தர்லாந்தில் பிறந்தவர். கட்டைகுட்டையான, பருத்த சரீரம். 1902-இல் ஷெஃபீல்டு யுனைடெட் எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார். 1905 பிப்ரவரியில் சுந்தர்லாந்து சங்கத்திடமிருந்து அவரை மிடில்ஸ்பரோ சங்கம் ஆயிரம் பவுன் கொடுத்து வாங்கிற்று. மனிதனை மாடுபோல விலை பேசுவதா என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன.

மிடில்ஸ்பரோவுக்கு வேறு வழி இல்லை. முதல் பிரிவிலிருந்து கீழே தள்ளப்படும் நிலை. வெளியூரில் ஓர் ஆட்டம் ஜெயித்து ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காமன் அவர்களுக்காக ஆடிய முதல் ஆட்டம் ஷெஃபீல்டில், தம் பழைய சங்கத்துக்கு எதிராகவே நடந்தது. ஒரு பெனால்டி கிடைத்தது. உதைத்தார், கோல்! ஒன்றுக்குச் சைபர் என்று ஜெயித்தார்கள். அந்த வருஷம் சங்கம் தப்பித்துக்கொண்டது.

"ஆயிரத்திலே அவருக்கு எவ்வளவு மாமா?"

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். தேடிப் படித்தேன். பணம் சங்கத்திலிருந்து சங்கத்துக்குப் போனது. 1901 முதல் விதி ஒன்று இருந்தது: எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனுக்கும் வாரத்துக்கு நான்கு பவுனுக்கு மேல் சம்பளம் கூடாது, கையெழுத்துப் போடும்போது பத்துப் பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தாலும், சங்கம் விடுவிக்காதவரை லீகின் வேறு சங்கத்தில் ஆட முடியாது.

ஆயிரத்தை நான்கால் வகுத்துப் பார்த்தேன். 250 வாரங்கள், கிட்டத்தட்ட ஐந்து வருஷம். காமன் 1910 வரை மிடில்ஸ்பரோவில் ஆடினார். தம் விலையை விதிப்படி தாமே சம்பாதிக்க அவர் அத்தனை காலமும் ஓடியிருக்க வேண்டும்!

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் முதல் நாவலின் உரிமை முழுவதையும் ஒரு பதிப்பாளரிடம் கையெழுத்துப் போட்டு விற்றவன் நான். வந்த பணத்தில் மனைவிக்கு ஒரு பவுனில் தோடு வாங்கினேன். பிற்பாடு ஒரு ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் அதன் எட்டாம் பதிப்பைப் பார்த்து, முழு விலை கொடுத்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த மனத்தாங்கலில் அடுத்த நாவலைப் பாதியில் நிறுத்தியவன், மறுபடி தொடவே இல்லை.

காமன் பின்னர் உல்விச் ஆர்சனலிலும் பிரெஸ்டனிலும் ஆடிவிட்டு 1914-இல் ஓய்வு பெற்றார். டார்லிங்டனில் மதுக்கடை நடத்தினார். 1946-இல் காலமானார். ஆட்டக்காரர்கள் 1907-இல் மான்செஸ்டரில் சங்கம் கூட்டிப் போராடத் தொடங்கியும், சம்பள உச்சவரம்பு ஒழிந்தது 1961-இல்தான்.

"நாலு பவுன்தானேன்னு அந்தப் பெனால்டியை அவர் மெதுவா உதைச்சிருப்பாரா மாமா?" என்று கேட்டான் பையன்.

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பது நிஜம். அதற்காகப் பந்தின்மேல் அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்பதும் நிஜம்.

அன்று இரவு பெட்டியைத் திறந்து பாதி நாவலை எடுத்தேன். மனைவி காபியோடு வந்து நின்றாள். "எழுதுங்கோ. ஆனால் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலே என்கிட்டே ஒரு தடவை படிச்சுக் காட்டிடுங்கோ" என்றாள்.

அவள் காதில் அந்த ஒரு பவுன் மினுங்கிற்று.