காற்றில் பங்கு வாங்கிய தீவு

ஜட்லாந்துக் கரையில் ஃபெரி ஏறினால் ஒரு மணி நேரத்தில் சாம்ஸோ. டென்மார்க்கின் நடுவே, காட்டெகாட் கடலில் கிடக்கும் 114 சதுர கிலோமீட்டர் தீவு. நாலாயிரத்துக்கும் குறைவான மக்கள். வழியெல்லாம் உருளைக்கிழங்கு வயல்கள்.

தென்முனைக்குப் போய்க் கடலைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீருக்குள் பத்துக் காற்றாலைகள், நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில். ஒவ்வொன்றும் 2.3 மெகாவாட். நிலத்தில் இன்னும் பதினொன்று, தலைக்கு 1 மெகாவாட்.

வயலோரம் நின்ற ஒரு விவசாயியிடம் இரைச்சல் தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன். “அதில் என் பணமும் சுற்றுகிறது. நின்றுபோனால்தான் எனக்குத் தூக்கம் வராது” என்றார்.

அந்தப் பதிலில்தான் இந்தத் தீவின் கதை இருக்கிறது. 1997 வரை இங்கே வீடுகளுக்குச் சூடு எண்ணெயில். மின்சாரம் கடலடிக் கேபிள் வழியே வந்தது, அதுவும் பெரும்பாலும் நிலக்கரியில் பிறந்தது. அந்த ஆண்டு, உள்ளூர் ஆற்றலிலேயே வாழ்ந்துகாட்டும் தீவு எது என்று அரசு நடத்திய போட்டியில் சாம்ஸோ வென்றது. விவசாயி மகனான சோரன் ஹெர்மான்சன் ஊர்க் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் போய் இதைப் பற்றிப் பேசினார். முதலில் யாரும் அசையவில்லை, வருடக்கணக்கில் பேசினார். கடைசியில் நிலத்துக் காற்றாலைகளில் ஒன்பதை விவசாயிகளே வாங்கினார்கள். இரண்டு, சிறு பங்குதாரர்களின் கூட்டுறவுக்கு. கடலில் நிற்பவற்றில் ஐந்தை உள்ளாட்சியே வாங்கியது. பத்தே ஆண்டில், செலவழிப்பதைவிட அதிக மின்சாரம் விளைவிக்கும் தீவாயிற்று. கார்கள் அப்போதும் பெட்ரோலில்தான் ஓடின. அதற்கு ஈடாகத்தான் கடல் காற்றாலைகளின் மின்சாரம் பெருநிலத்துக்குப் போனது.

என்னை இன்னும் கவர்ந்தது வைக்கோல். அறுவடை முடிந்ததும் கட்டுக் கட்டாகக் கொதிகலனுக்கு வருகிறது. அதில் காயும் வெந்நீர் தரைக்கடியில் குழாய்களில் ஓடி ஊர் வீடுகளைச் சூடாக்குகிறது. நார்ட்பி என்ற ஊர்ப் பக்கம் சூரியத் தகடுகளும் அதே வேலையைச் செய்கின்றன. அவற்றினடியில் ஆடுகள் மேய்கின்றன!

தீவைத் தாண்டிப் பார்த்தால், உலகம் 2024-இல் மட்டும் 585 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறனைச் சேர்த்தது. அதில் முக்கால் பங்குக்கு மேல் சூரிய மின்சாரம். தூய ஆற்றலில் ஆண்டு முதலீடு இரண்டு லட்சம் கோடி டாலரைத் தொட்டுவிட்டது. மலைக்க வைக்கும் வளர்ச்சிதான். ஆனால் உலக மக்களில் ஐந்தில் ஒருவர் வாழும் ஆப்பிரிக்காவுக்கு அந்தப் பணத்தில் நூற்றுக்கு இரண்டுதான் போகிறது. இது நியாயமில்லை.

சாம்ஸோ கற்றுத்தந்தது இதுதான்: உங்கள் ஊர் எல்லையில் காற்றாலை நட வருகிறவர்களிடம், எத்தனை மெகாவாட் என்று கேட்கும்போதே, ஊருக்கு எத்தனை பங்கு என்றும் கேளுங்கள்.