ஹாரி வாஷிங்டன் செய்த கலகம்

அமெரிக்கக் காலனிக்காரர்கள் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்துக் கலகம் செய்தது நியாயமா என்று மாணவத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயம்தான் என்றேன். ஆனால் அந்த நியாயம் யாருக்கெல்லாம் சொந்தம் என்பதில் எனக்கு அவர்களோடு வழக்கு இருக்கிறது.

அவர்களுடைய ஆள் ஒருத்தர்கூட உட்காராத லண்டன் பாராளுமன்றம் 1765இல் முத்திரைத்தாளுக்கு வரி போட்டது. 1767இல் தேயிலை, கண்ணாடி, காகிதத்துக்கும் போட்டது. நம்மைக் கேட்காமல் நம் மடியில் கைவைக்கிறவனை எதிர்ப்பதில் என்ன தப்பு?

1776 ஜூலை 4இல் மனிதர் எல்லாரும் சமம் என்று பிரகடனம் செய்தார்கள். அதை எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் அதிகமான மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அன்று அந்தக் காலனிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமை. என் பாட்டன் பண்ணையாளாகக் கிடந்தவர். அதனால் இந்தக் கணக்கை என்னால் சும்மா தாண்டிப்போக முடியவில்லை.

ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையில் ஹாரி என்று ஓர் அடிமை இருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர். கலகக்காரர்களின் அடிமைகள் ஓடிவந்து ஆயுதம் ஏந்தினால் விடுதலை என்று வர்ஜீனியா கவர்னர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்தார். டன்மோருக்கே அடிமைகள் உண்டு; இரக்கத்தால் செய்ததில்லை, யுத்த தந்திரம். ஹாரிக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? இருந்தாலும் 1776இல் ஓடிப்போய் பிரிட்டிஷார் பக்கம் சேர்ந்துகொண்டார். கதவு எவன் திறந்தாலென்ன, உள்ளே கிடப்பவனுக்கு வெளியே போகணும்.

1783இல் யுத்தம் முடிந்ததும், ஓடிப்போன அடிமைகளைத் திருப்பிக் கொடு என்று கேட்டார் ஜார்ஜ் வாஷிங்டன். பிரிட்டிஷ் தளபதி மறுத்துவிட்டார். நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3,000 கறுப்பர்களில் ஹாரியும் ஒருவர். நோவா ஸ்கோஷியா போனார். 1792இல் அங்கிருந்து சியரா லியோன் போனார். அங்கே நிலத்துக்கு வரி கட்டச் சொன்னது பிரிட்டிஷ் கம்பெனி. 1800இல் குடியேறியவர்கள் கலகம் செய்தார்கள். அதில் ஹாரியும் இருந்தார். கலகத்தை அடக்கி, அவரை நாடு கடத்தினார்கள். அப்போது அவருக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும்.

எஜமான் வரியை எதிர்த்ததற்காக தேசத் தந்தை ஆனார். அதே காரியத்தைச் செய்த அடிமையின் பெயரை எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

கல்லூரி விடுதியில் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்: "உங்காளுங்க வெள்ளைக்காரனுக்கு வால் புடிச்சவங்கதானே?" 1930இல் வட்டமேஜை மாநாட்டுக்கு அம்பேத்கரும் ரெட்டமலை சீனிவாசனும் போனதைத்தான் அப்படிச் சொன்னார்கள். வெள்ளையர் ஆட்சியிலும் தீண்டாமை ஒழியவில்லை என்று அந்த மாநாட்டிலேயே குற்றம் சாட்டி, மக்களுடைய ஆட்சி வேண்டும் என்று பேசியவர் அம்பேத்கர். கூடவே, அதில் எங்களுக்கு என்ன பங்கு என்றும் கேட்டார். இதற்குத்தான் துரோகிப் பட்டம்.

ஹாரி யாருக்கும் விசுவாசி இல்லை. எஜமானை விட்டு ஓடினார். தன்னை விடுவித்த சாம்ராஜ்யத்தின் கம்பெனி ஏய்த்தபோது அதையும் எதிர்த்தார். காலனிக்காரர்களின் கலகம் நியாயம் என்றால், ஹாரியின் இரண்டு கலகமும் நியாயம். இதை ஒப்புக்கொள்ளாதவர் 1776ஐப் பற்றி என்னிடம் பெருமை பேச வேண்டாம்.