மூவாயிரம் குழல்களுக்குச் சுருதி

மெர்போக்கிலிருந்து பஸ்ஸில் சுங்கை பட்டாணி, அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூர். போகிறவர்கள் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள், வாசகர்களே! அதன் அடியில் 1998இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கு இருக்கிறது. கச்சேரி நாளில் டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். மேடைக்குப் பின்னால் நிற்பது, ஜெர்மனியின் பான் நகரத்துக் கிளைஸ் கம்பெனி செய்த குழாய் ஆர்கன். மொத்தம் 2,977 குழல்கள்!

நம் பஜனை ஆர்மோனியத்துக்கு இதைப் பெரியண்ணன் எனலாம். காற்றுதான் இரண்டுக்கும் உயிர். ஆனால் இதில் பெரும்பாலான குழல்கள் புல்லாங்குழல் இனம். சிலவற்றுக்கு மட்டும் ஆர்மோனியம் போல் பித்தளை நாக்கு உண்டு. தொல்லையே அங்கேதான். சூடு ஏறினால் புல்லாங்குழல் இனத்தின் சுருதியும் ஏறிவிடும். நாக்குக் குழல்கள் அவ்வளவாக அசையமாட்டா. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் காது கூசும். ஆகவே கச்சேரி நேரத்தில் இருக்கும் அதே குளிரில்தான் சுருதி சேர்க்க வேண்டும்.

இந்த வேலைக்கு இருவர் தேவை. ஒருவர் கட்டையை அழுத்திப் பிடிப்பார். மற்றவர் உள்ளே ஏறி, குழலின் உச்சியிலுள்ள தகட்டு வளையத்தை மெல்லத் தட்டுவார். வளையம் இறங்கினால் சுருதி ஏறும், ஏறினால் இறங்கும். குழலைக் கையால் பிடித்தால் போச்சு, உடம்புச் சூட்டிலேயே சுருதி மாறிவிடும்!

எங்கள் தோட்டத்துக் கோயில் ஆர்மோனியம் நினைவுக்கு வந்தது. மழைக்காலம் முழுவதும் வெறுந்தரையில் கிடந்து, மரம் ஊதி, இரண்டு கட்டைகள் இறுகிவிட்டன. குறை சொல்ல வேறு யாருமில்லை, வைத்தவன் நானே. ஊர் திரும்பிய அன்றே அதைத் துடைத்துப் பலகைமேல் தூக்கி வைத்தேன். ஒரு கட்டை இன்னும் எழும்பவில்லை.