மீன் தீனியும் சாளைக் கருவாடும்



பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சாரே, மீன் தீனி டப்பாவுல தேதி முடிய இன்னும் 8 மாசம் இருக்கு. ஆனா ஒரு மாதிரி வாடை அடிக்குது. போடலாமா?" பிள்ளைகளுக்காக மீன் தொட்டி வாங்கியவர்கள் நம்மில் பலர் இருப்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

போட வேண்டாம். அந்தத் தேதி மூடி திறக்காத டப்பாவுக்கு. திறந்துவிட்டால் கணக்கு வேறு.

பெரும்பாலான தீனியில் மீன் தூளும் மீன் எண்ணெயும் உண்டு. சாளையில் நெய் அதிகம். அதனால் சாளைக் கருவாடு நாள்பட்டால் மஞ்சளித்துக் காறல் வாடை அடிக்கும். தீனிக்கும் இதே கதிதான். காற்றும் சூடும் வெளிச்சமும் எண்ணெயைக் கெடுக்கும். தொட்டியின் மூடிமேல், விளக்குப் பக்கத்தில் டப்பாவை வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஈரம் இன்னொரு பகை. நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. ஈரக்கையை டப்பாவுக்குள் விட்டால் தீனி கட்டிபிடித்துப் பூஞ்சணம் பூக்கும். அதை வெயிலில் காயவைத்துப் போடாதீர்கள். பூஞ்சணம் காய்ந்தாலும் அதன் விஷம் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சண விஷமே காரணம். அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். அமெரிக்கப் பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்கு ஈரலில் புற்று வரவும் அதே விஷம் காரணமாக இருந்தது.

மூக்குக்குத் தெரியாத கேடும் உண்டு. தீனியிலுள்ள வைட்டமின் சி நாளாக நாளாகக் குறையும். அது போதாமல் போனால் மீனின் முதுகெலும்பு வளையும். ஆகவே விலை மலிவு என்று பெரிய டப்பா வாங்காதீர்கள். ஓரிரு மாதத்தில் தீரும் அளவு போதும். திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். காய்ந்த கரண்டியால் எடுத்து, இறுக மூடி, இருட்டான அலமாரியில் வையுங்கள். மிச்சத்தைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், குளிர் விட்ட பிறகு பிரியுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோக்கும்.

குளத்து மீன் பாசியோ புழுவோ தேடித் தின்றுகொள்ளும். தொட்டி மீனுக்கு நாம் போடுவது மட்டும்தான். இன்றைக்கே டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள்.