தடிமன் கொண்டு சென்ற விருந்தினர்

வைரவிழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பழைய மாணவர் சங்கச் செயலாளர் என்னைப் பணித்தபோது, கல்லூரியின் தமிழ்த்தொண்டு பற்றியோ, நாவலர் வழிவந்த கல்வி மரபு பற்றியோ நான் எழுதுவேன் என்றே அவர் எண்ணியிருத்தல் வேண்டும். அவற்றை எழுத என்னினும் தகுதியுடையார் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சிக் கதை. தமிழாசிரியனுக்கும் ஆகாயக் கப்பலுக்கும் என்ன தொடர்பு என நகைப்போர் இறுதிவரை வாசிப்பாராயின் காரணம் அறிவர்.

2018ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரில் பொறியியலாளராக விளங்கும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தார். விஞ்ஞான மன்றத்து மாணவர்க்குக் காட்டுதற்கென ஓர் இறுவட்டினை உடன் கொணர்ந்திருந்தார். பி.பி.சி. நிறுவனத்தார் 1963ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ என்னும் தொடரில் வரும் கதை அது. ‘தி ஆர்க்’, அதாவது ‘பேழை’ என்பது அதன் பெயர். 1966ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆம் திகதி முதல் 26ஆம் திகதி வரை, நான்கு சனிக்கிழமைகளில், நான்கு பகுதிகளாக ஒளிபரப்பப்பட்டது. மைக்கல் இமிசன் என்பார் இயக்கியது. அக்காலத்து ஒளிப்பதிவுகள் பல அழிந்தொழிந்தன. இக்கதையின் நான்கு பகுதிகளும் எஞ்சியுள்ளன.

கதை மாந்தர் பேசும் ஆங்கிலம் நம் மாணவர்க்கு எளிதில் விளங்காது என்பதால், “இடையிடையே நிறுத்திக் காட்டுவேன், நீங்கள் தமிழிலே சொல்லித்தர வேண்டும்” என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டார். எனது ஆங்கிலம் அத்துணை வலியதன்று. ஆகவே முதல்நாள் இரவே அவர் இல்லஞ் சென்று இருமுறை பார்த்து, அவர் விளக்கியவற்றைக் குறித்துக்கொண்டேன். மறுநாட் பிற்பகல் கல்லூரி மண்டபத்திலே மாணவர் கூடினர். உயர்தர வகுப்பினர் முன்வரிசைகளிலும், பத்தாம் பதினோராம் வகுப்பினர் பின்வரிசைகளிலும் அமர்ந்தனர்.

கதையைச் சுருங்கச் சொல்வேன். டொக்டர் எனப்படும் முதியவரும், ஸ்டீவன் என்னும் இளைஞனும், டோடோ என்னும் பெண்ணும் காலத்திலே முன்னும் பின்னும் செல்லவல்ல ஓர் ஊர்தியிற் பயணஞ் செய்பவர்கள். அவர்கள் ஒரு காட்டிலே வந்திறங்குகின்றனர். காடு மெய்யான காடே, யானையும் உலாவுகின்றது. ஆனால் அண்ணாந்து பார்த்தால் வானம் இருக்க வேண்டிய இடத்தில் உருக்குக் கூரை. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் அப்பாற்பட்ட எதிர்காலத்தில், பெரியதோர் ஆகாயக் கப்பலினுள்ளே அக்காடு வளர்க்கப்பட்டிருக்கின்றது. உலகம் சூரியனுள் வீழ்ந்து அழியும் தறுவாயில் உள்ளது. எஞ்சிய மனிதரையும் விலங்குகளையும் ஏற்றிக்கொண்டு, ‘றெபூசிஸ்’ என்னும் வேற்றுக் கிரகத்தை நோக்கிக் கப்பல் செல்கின்றது. மக்களுட் பெரும்பாலோர் நுண்ணுருவாகச் சுருக்கப்பட்டுத் தட்டுகளில் உறங்குகின்றனர். ‘காப்பாளர்’ எனப்படும் சிலரே விழித்திருந்து கப்பலை நடத்துகின்றனர். பயணத்துக்கு 700 ஆண்டுகள் செல்லும்.

700 ஆண்டு என்பதை மிகையென எண்ணவேண்டா. 1977ஆம் ஆண்டு ஏவப்பட்ட வொயேஜர் 1 என்னும் கலம், சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீனின் தூரத்தைக் கடப்பதற்கு இன்றைய வேகத்தில் 70,000 ஆண்டுகளுக்கு மேற்செல்லும். விண்மீன்களை நோக்கிப் புறப்படும் எக்கூட்டத்தாரும் தாம் காணாத கரைக்காகத் தம் பேரப்பிள்ளைகளைப் பெறவேண்டியவரே ஆவர். அக்காப்பாளரும் கப்பலினுள்ளே மாபெரும் மனிதச் சிலையொன்றைக் கையாற் செதுக்கத் தொடங்கியிருக்கின்றனர். தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி, கரை சேரும் நாளில் அதனை முடிப்பது அவர்தம் கருத்து.

அக்கப்பலிலே ‘மொனோயிட்’ எனப்படும் வேற்றினத்தாரும் உளர். ஒற்றைக் கண்ணர், பேச்சில்லாதவர், கைச்சைகையாற் கருத்தை உணர்த்துவோர். காப்பாளர்க்கு ஏவல் செய்வதே அவர்தம் தொழில். நடிகர் மேசைப்பந்து ஒன்றை வாயிற் கவ்விக்கொண்டே அவ்வொற்றைக் கண்ணை ஆக்கினர் என நண்பர் சொன்னபோது மண்டபம் சிரித்தது. அவ்வேவலர் கையசைத்துப் பேசும் காட்சி வந்தபொழுது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “குட்டி மௌனி!” என்றது. மீண்டும் சிரிப்பு. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தலைகுனிந்திருந்தான். நான் அதனைக் கண்டும் கதையைச் சொல்லிச் சென்றேன்.

டோடோவுக்குத் தடிமன். சாதாரணத் தடிமன்தான், தும்முகின்றாள், மூக்கைத் துடைக்கின்றாள். ஆனால் அக்கப்பலில் உள்ளோர் தடிமனை அறியாதவர். பல தலைமுறைகளுக்கு முன்னரே அந்நோய் ஒழிந்துவிட்டமையால் அதனை எதிர்க்கும் வலிமை எவர் உடலிலும் இல்லை. ஏவலர் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்து இறக்கின்றனர். காப்பாளரிடையும் நோய் பரவுகின்றது. விருந்தினர் மூவரும் குற்றவாளிகளாக நிறுத்தப்படுகின்றனர்.

இது வெறுங் கற்பனையோ என மாணவன் ஒருவன் வினவினான். வட அத்திலாந்திக்குச் சமுத்திரத்திலுள்ள பாரோ தீவுகளில் 1781ஆம் ஆண்டு சின்னமுத்து நோய் பரவியது. அதன் பின் 65 ஆண்டுகள் அத்தீவுகள் அந்நோயை அறிந்தில. 1846ஆம் ஆண்டு அது மீண்டும் வந்தபோது 7,782 மக்களுள் ஏறக்குறைய 6,000 பேரைப் பற்றியது. அங்கு சென்று ஆராய்ந்த பானும் என்னும் தென்மார்க்கு வைத்தியர், 1781ஆம் ஆண்டு நோயுற்றுப் பிழைத்திருந்த முதியோரை அது இரண்டாம் முறை தீண்டவில்லை எனக் கண்டு எழுதினார். நண்பர் இதனை எடுத்துரைத்தபோது மாணவர் வியந்தனர். தீவும் ஒரு கப்பல் தானே.

டொக்டர் மருந்து கண்டுபிடிக்கின்றார். நோய் தீர்கின்றது. காப்பாளர் நன்றியுடன் வழியனுப்பி வைக்கின்றனர். ஏவலர் நிலை மட்டும் மூவரும் வந்தபோது இருந்தவாறே புறப்பட்டபோதும் இருந்தது. ஊர்தி மறைகின்றது; மறைந்து மீண்டும் அதே காட்டிலே இறங்குகின்றது. சில கணங்களே சென்றன என எண்ணி அவர்கள் உட்செல்ல, எதிரே சிலை முடிவுற்று நிற்கின்றது. மனித உடலின் மேல் மொனோயிட் தலை!

கழிந்தவை 700 ஆண்டுகள். முன்னைத் தடிமன் உருமாறிப் பிற்காலத்தில் மீண்டும் தோன்றி, காப்பாளரின் மனவுறுதியை அரித்திருந்தது. ஏவலர் குரல்தரும் கருவியும் ஆயுதமும் பெற்று எசமானர் ஆயினர். காப்பாளர் வழித்தோன்றல்கள் அவர்க்குச் சமைத்துப் படைக்கும் அடிமைகள் ஆயினர். மொனோயிட் தலைவனோ மனிதரைக் கப்பலோடு அழிக்கக் கருதி, அச்சிலையினுள்ளேயே குண்டொன்றை ஒளித்துவைக்கின்றான். றெபூசிஸ் கிரகத்தில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத மாந்தர் அச்சிலையை வெட்டவெளியில் எறிந்து கப்பலைக் காக்கின்றனர். இரு சாராரும் ஒற்றுமையாய் வாழ்வீராயின் இங்கே குடியேறலாம் என்கின்றனர். டொக்டரும் மனிதரை நோக்கி, மொனோயிட்டுகளை அடிமைகள்போல் நடத்தியவர் உம் முன்னோரே என்பதை நினைவூட்டிச் செல்கின்றார்.

அம்முடிந்த சிலை திரையிலே தோன்றிய கணத்தில் என் நா எழவில்லை. “சேர், சொல்லுங்கோ” என்று முன்வரிசையினர் கேட்டனர். நான் பின்வரிசையை நோக்கினேன். ‘குட்டி மௌனி’ இன்னும் தலை நிமிரவில்லை.

அப்பெயரின் வரலாறு இதுவாகும். 2005ஆம் ஆண்டு, ஆசிரிய கலாசாலையில் தராதரப் பத்திரம் பெற்று வெளிவந்த இளமையிலே, இக்கல்லூரியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்தேன். என் வகுப்பில் ஒரு மாணவன் திக்கிப் பேசுபவன். ஒருநாள் செய்யுள் வாசிக்க எழுந்தவன் முதற்சீரிலேயே நின்றுவிட்டான். வகுப்பு காத்திருந்தது, வியர்வை அவன் நெற்றியில் அரும்பியது. அவனை அவ்விடரினின்றும் விடுவிக்க எண்ணி, “இருக்கட்டும். தமிழ்ச் சிறுகதைக்கு ஒரு மௌனி வாய்த்ததுபோல நம் வகுப்புக்கும் ஒரு மௌனி வாய்த்தார்” என்றேன். வகுப்புச் சிரித்தது, அவனும் சிரித்தான். அன்றுமுதல் அவனை நான் வாசிக்கப் பணிக்கவில்லை. அதனை இரக்கம் என்றே எண்ணியிருந்தேன். மறு ஆண்டில் இடமாற்றம் பெற்றுச் சென்றேன்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 2017ஆம் ஆண்டு, மீண்டும் இக்கல்லூரிக்கு வந்தேன். பத்தாம் வகுப்பிலே ஒருவனைக் ‘குட்டி மௌனி’ என அழைக்கக் கேட்டேன். பெயர்க்காரணத்தை நான் ஆராயவில்லை. அவன் அம்மாணவனின் கடைசித் தம்பி என்பதும், தமையன் கல்லூரியை விட்டுச் சென்ற பின்னும் பெயர் இங்கேயே தங்கித் தம்பியைப் பற்றிக்கொண்டது என்பதும் அன்று மண்டபத்தில் வைத்தே எனக்கு உறைத்தன. நான் ஒருமுறை தும்மிவிட்டுச் சென்றிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமையனைத் தேடிச் சென்றேன். மின்சாரப் பொருள்கள் திருத்தும் கடையொன்றை நடத்திவந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கதிரை தந்தார், தேநீர் வருவித்தார். வந்த காரியத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் கையிலிருந்த திருப்புளியையே பார்த்திருந்தார். பின்பு திக்கித் திக்கிச் சொன்னார்:

“அதை விடுங்கோ சேர். உங்களுக்கு அது ஞாபகம் இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை. என்ர கதை முடிஞ்சுது. தம்பிக்குத் திக்கிறதே இல்லை. வீட்டில நல்லாக் கதைப்பான். வகுப்பிலதான் வாய் திறக்கிறானில்லையாம். அவனை அவன்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ சேர். அது காணும்.”

திக்காதவனும் வாய் திறவாதிருந்தான்! நோய் உருமாறி வரும் என்பதை இதனினும் தெளிவாக எந்த விஞ்ஞான நூலும் எனக்கு உணர்த்தியிராது. இடர்ப்பட்டவனை அன்று விடுவித்தேன் என நான் எண்ணியது உண்மையே. ஆனால் பேசுவோர் சிலர், பேசாதோர் சிலர் என்னும் ஏற்பாட்டை வகுப்பறையிலே நிலைநாட்டிவிட்டுச் சென்றேன். அவன் திக்கினாற் காத்திருப்போம் என வகுப்புக்குச் சொல்லியிருப்பேனாயின் அது மருந்தாகியிருக்கும்.

மறுநாள் பத்தாம் வகுப்பிலே, அப்பெயரைப் படைத்தவன் நானே என்றும், அது பிழை என்றும், இனி அதனை வழங்கவேண்டா என்றும் சொன்னேன். பெயர் ஒருநாளில் ஒழிந்துவிடவில்லை. விளையாட்டு மைதானத்திலே சிலகாலம் வழங்கியே வந்தது. அடுத்த தவணையில் ஒருநாள் அம்மாணவன் தானாகவே கையுயர்த்தி ஒரு பக்கம் வாசித்தான். திறம்பட வாசித்தான் எனல் இயலாது. எவரோ துரத்துவதுபோல விரைந்து வாசித்தான். நான் இடைமறிக்கவில்லை.

பழைய மாணவர்காள்! காலத்திலே பயணஞ் செய்யும் ஊர்தி நம்மிடம் இல்லை. ஆயினும் இருபது, முப்பது, ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி அதே வாயிலின் வழியே, அதே மரநிழலில் நீங்கள் வந்திறங்கும் நாள் இவ்வைரவிழா. கட்டிடங்கள் உயர்ந்திருத்தலைக் காண்பீர்கள், மகிழ்வீர்கள். கல்லூரி உமக்குச் செய்தவற்றை மேடைதோறும் எடுத்துரைப்பீர்கள். அவ்வேளையில், அன்று நீங்கள் விளையாட்டாக ஒரு பெயரிட்டு அழைத்த சகமாணவர் ஒருவரும் பந்தலின் ஓரத்திலே அமர்ந்திருக்கக் கூடும். அருகிற் சென்று அவரை அவருடைய பெயர் சொல்லி அழைப்பீர்களாக.