ஒரு வரியை மாத்தினேன், எல்லா வரியும் மாறிப்போச்சு

பி.காம் படிக்கிறவன் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் பத்தி எழுதுறானான்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சிரிக்கலாம். சிரிங்க. அடி வாங்கினவனுக்குத்தானே வலி தெரியும் :)

சித்தப்பாவின் சிமெண்டு கடைக்கு பைத்தானில் ஒரு பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சேமிக்க இசட்.ஓ.டி.பி. டேபிளெல்லாம் வேண்டாம், பில் என்கிற ஆப்ஜெக்டை அப்படியே உள்ளே போட்டுவிடலாம். விலை, மூட்டை எண்ணிக்கை மட்டும் உள்ளே இருக்கும், ஜி.எஸ்.டி.யை ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக் காட்டும். சிமெண்டு மட்டும் விற்றதால் 28 சதவீதம் என்று நேராகவே எழுதியிருந்தேன்.

அப்புறம் கம்பியும் வந்தது. அதற்கு 18. ஆக, 'விகிதம்' என்று புது ஃபீல்டு வேண்டும். பழைய பில்களோ ஆயிரக்கணக்கில். எல்லாவற்றையும் திறந்து எழுதச் சோம்பல். கிளாஸில் 'விகிதம் = 28' என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். பில்லுக்குள் விகிதம் இல்லையென்றால் பைத்தான் கிளாஸில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். கம்பி பில்லில் மட்டும் 18 தனியாகப் பதிவாகும். ஒரு நிமிஷ வேலை!

இதொன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. 1980களிலேயே எம்.சி.சி.யில் (தாம்பரம் இல்லைங்க, டெக்சாஸில் ஆஸ்டின்) உருவான ஓரியன், டிஸ்கில் உள்ள பழைய ஆப்ஜெக்டைத் தொடாமல், படிக்கும்போது மட்டும் புது அமைப்புக்கு மாற்றிக் கொடுத்தது.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 ஆனது. நானும் கிளாஸில் 28ஐ 18 ஆக்கிவிட்டு காலேஜுக்குக் கிளம்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து போன். "டேய், மேஸ்திரி ஜூலை பில்லுக்கு நகல் கேட்டார். 300 ரூபாய் மூட்டை ஐம்பது, வரியோட 19,200 வாங்கியிருக்கோம். உன் பொட்டி 17,700ங்குது. மீதி 1,500 எங்கேன்னு என்னைத் திருடனாட்டம் பார்க்கிறார்டா!"

பழைய பில் எதிலும் 28 எழுதப்படவே இல்லை. கிளாஸிடம் இரவல் வாங்கித்தான் காட்டிக்கொண்டிருந்தது. முடிந்துபோன வவுச்சரில் கைவைக்கக் கூடாது, தப்பென்றால் தனியாகத் திருத்தப் பதிவு போடணும் என்று முதல் வருஷமே பாடம் படித்தவன் நான்! ஆயிரக்கணக்கான பில்லை ஒரே எழுத்தில் திருத்தியிருக்கிறேன்.

அன்று ராத்திரியே ஃபைலை நகலெடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பில்லாகத் திறந்தேன். சொந்த விகிதம் இல்லாதவற்றில் தேதி பார்த்து, செப்டம்பர் 22க்கு முன்னால் என்றால் 28, பிறகென்றால் 18 என்று பில்லுக்குள்ளேயே எழுதினேன். ஐந்நூறு ஐந்நூறாக கமிட்; மொத்தமாகச் செய்தால் சித்தப்பாவின் பழைய பொட்டி மெமரி தாங்காது. கடைசியில் கிளாஸில் இருந்த அந்த வரியை அழித்தேன். இனி விகிதம் இல்லாத பில் வந்தால் புரோகிராம் நின்றுவிடும். நிற்கட்டும்.

மறுநாள் மேஸ்திரிக்கு 19,200க்கு நகல் போய்ச் சேர்ந்தது. சித்தப்பா இப்போதெல்லாம் கார்பன் வைத்து நோட்டிலும் ஒரு பில் எழுதிக்கொள்கிறார்.