ஏடு பெயர்த்தலும் கைப்பேசி மாற்றலும்

ஓலைச் சுவடிக்கு ஆயுள் உண்டு. எத்துணைப் பக்குவமாய்ப் பேணினும் கரையானும் பூச்சியும் ஈரமும் ஒருநாள் அதனை வென்றுவிடும். ஆதலின் நம் முன்னோர் ஏடு முற்றும் சிதையுமுன் அதனைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். சங்க நூல்களும் காப்பியங்களும் இன்று நம் கைக்கு எட்டியிருப்பது ஏதோ ஓர் ஏட்டின் வலிமையால் அன்று. தலைமுறை தலைமுறையாய் நடந்துவந்த பெயர்ப்புகளின் தொடர்ச்சியால் ஆகும். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் இவ்வாறு ஏட்டில் வாழ்ந்தே 1842ஆம் ஆண்டில் அச்சேறியது. அதனை அச்சேற்றிய செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் இல்லையேல் நம் இல்லங்களில் அந்நூல் ஒலித்திருக்குமோ என்பது ஐயமே.

இப்பாடத்தைப் பதினெட்டு ஆண்டுகளாய் வகுப்பில் நடத்தி வருகின்றேன். எனினும் அதனை நான் உள்ளபடி கற்றது 2024ஆம் ஆண்டில், என் தாயார்க்குப் புதிய கைப்பேசி வாங்கிக் கொடுத்த ஓர் இரவில்தான். மகன் ஊரார்க்கு ஓதும் பாடத்தைத் தாய் அவனுக்கே நடத்திக் காட்டிய அந்நிகழ்ச்சியை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

என் அத்தா கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கணக்கெழுதிய கையேயன்றிக் கடிதமெழுதிய கை அன்று. 2021ஆம் ஆண்டு மே திங்களில், கொரோனாவின் இரண்டாம் அலையில், அவர் மருத்துவமனையின் தனிமைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். உள்ளே செல்ல எவர்க்கும் இசைவில்லை. மூச்சு வாங்கியதால் நெடுநேரம் பேசவும் இயலவில்லை. வாட்ஸ்அப்பில் ஒலிவாங்கியின் படத்தை அழுத்திப் பேசினால் குரல் போய்ச் சேரும் என்று என் மகள் முன்னமே அவர்க்குக் கற்பித்திருந்தாள். அந்தச் சிறு கல்வி அப்போது கைகொடுத்தது. பதினோரு நாள்களில் அம்மாவுக்குப் பதினேழு குரற்செய்திகள் அனுப்பினார். மிளகாய் மூட்டையை வெயிலில் போடச் சொன்னது ஒன்று. கல்யாண வீட்டாரிடம் பாக்கியைக் கேட்டு நெருக்காதே என்றது ஒன்று. சர்க்கரை மாத்திரை போட்டாயா என்று கேட்டவை மட்டும் நான்கு. பன்னிரண்டாம் நாள் அத்தா வஃபாத்தானார்.

அதன்பின் மூன்றாண்டுகள் மஃரிபுத் தொழுகை முடிந்ததும் அம்மா தம் கைப்பேசியைக் காதோடு அணைத்து அவற்றுள் ஒன்றோ இரண்டோ கேட்பது வழக்கமாயிற்று. அக்கைப்பேசி 2018இல் வாங்கியது. கண்ணாடியில் விரிசல், மின்னேற்றம் இரண்டு மணி நேரம் தாங்காது, தொட்டால் சற்றுப் பொறுத்தே அசையும். மகனின் கடமையென எண்ணி நான் புதியது ஒன்று வாங்கினேன். பழையதை உள்ளிருப்பவை அனைத்தையும் அழித்துக் கொண்டுவந்தால் விலையில் ஆயிரத்து இருநூறு ரூபாய் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் கூறினார். மறுநாள் காலை கொடுப்பதென முடிவு.

புதிய கைப்பேசி முதன்முதலாகக் கண்விழிக்கையில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, பழைய கைப்பேசியிலிருந்து கொண்டுவர வேண்டியவை உளவோ என்பதாகும். உண்டு எனக் கூறி இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தேன். தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், நிழற்படங்கள் யாவும் வந்து சேர்ந்தன. செயலிகளும் ஒவ்வொன்றாய் வந்து வரிசையில் அமர்ந்தன. பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல் மட்டும் எவர்க்கும் தெரியவில்லை. 2018இல் கைப்பேசி விற்ற கடையில் இருந்த இளைஞர் ஏதோ ஒரு பெயரில் கணக்கைத் தொடங்கித் தந்திருந்தார். கடவுச்சொல்லை எழுதித் தரவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. அதனாலென்ன என்று புதிய கணக்கொன்றைத் தொடங்கினேன். வாட்ஸ்அப்பைத் திறந்து எண்ணை உறுதிசெய்தேன். காப்புப் படி எதுவும் இல்லை என்றது; சரி, மேலே போ என்று அழுத்தினேன். பத்து நிமிடத்தில் பணி முடிந்ததெனப் பெருமிதத்தோடு அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அம்மா அத்தாவின் பெயரைத் தேடித் தொட்டார். வெறுந்திரை. மீண்டும் தொட்டார்.

"இதுல உங்கத்தா இல்லையே தம்பி" என்றார்.

எனக்குக் குப்பென்று வியர்த்தது. பழைய கைப்பேசியை அழித்துவைக்குமாறு மாலையிலேயே மகளிடம் சொல்லியிருந்தேன். அவளைக் கூவி அழைத்தேன். "மேசையில தேடினேன் அத்தா, காணோம்" என்றாள். அம்மா எழுந்து சென்று இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து அதனை எடுத்துவந்தார்.

"புதுசுல எல்லாம் வந்துருச்சான்னு பாக்காம பழசைக் கொடுக்கலாமா? கடையில சாக்கு மாத்துனாக்கூட உங்கத்தா புது மூட்டையை எடை போட்டுப் பாத்துட்டுத்தான் பழைய சாக்கை உதறுவாங்க."

சுவடிப் பதிப்பியல் நடத்தும் எனக்கு நா எழவில்லை. மூலத்தோடு ஒப்புநோக்காத படி, படியாகாது. ஒருவர் மூல ஏட்டைப் படிக்க மற்றொருவர் புதிய ஏட்டைச் சரிபார்த்த பின்னரே பெயர்ப்பு முடிந்ததாகக் கொள்வர் என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

என் பிழை எங்கே நேர்ந்தது என்பதை மாணவர் அறிதல் நலம். செயலி வந்து சேர்தல் வேறு. செயலிக்குள் இருப்பவை வந்து சேர்தல் வேறு. பலகையில் பெயர் இருப்பதால் கடைக்குள் சரக்கு இருப்பதாகாது. வங்கிச் செயலிகள் புதிய கருவியில் சிம் அட்டையைச் சோதித்து மீண்டும் பதிவுசெய்யச் சொல்கின்றன; அது நம் பணத்திற்கான காவல். வாட்ஸ்அப்போ தன் காப்புப் படியைத் தனியே வைத்துக்கொள்கின்றது. ஒரு படி கைப்பேசியின் உள்ளேயே இருக்கும். நாம் ஏற்பாடு செய்திருந்தால் மற்றொரு படி கூகுள் கணக்கில் ஏறும். கணக்கில் உள்ளதை மீட்க அதே எண்ணும் வேண்டும், அதே கணக்கும் வேண்டும். அம்மாவின் எண் இருந்தது, கணக்கு இல்லை. பூட்டிய பெட்டி எங்கோ இருக்க, சாவியைத் தொலைத்தவர் நிலையே எம் நிலையாயிற்று.

2021ஆம் ஆண்டு முதல் அக்காப்புப் படியை நாமே கடவுச்சொல் இட்டுப் பூட்டும் வசதியும் வந்துள்ளது. அது நன்றே. ஆயினும் அக்கடவுச்சொல்லை மறந்தால் வாட்ஸ்அப்பாலும் கூகுளாலும் அதனைத் திறந்து தர இயலாது. அன்றியும், 2024ஆம் ஆண்டு தொடக்கம் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் வாட்ஸ்அப் காப்பு, கூகுள் இலவசமாய் அளிக்கும் 15 ஜிபி இடத்திற்குள்ளேயே எண்ணப்படுகின்றது. இடம் நிறைந்தால் காப்பு நின்றுபோகும். நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நல்வாய்ப்பாக, புதியதில் எண்ணைப் பதிந்தவுடன் பழைய கைப்பேசி வாட்ஸ்அப்பிலிருந்து வெளியேற்றப்பட்டதேயன்றி அதனுள் இருந்தவை அழியவில்லை. என் மகள் அமைதியாக அமர்ந்து, பழையதில் எண்ணை மீண்டும் உறுதிசெய்தாள். உரையாடல்கள் அப்படியே இருந்தன. பின்னர்ப் புதியதில் செயலியை நீக்கி மீண்டும் நிறுவினாள். 2023ஆம் ஆண்டில் வந்த ஒரு வசதியைக் கொண்டு, புதியதில் தோன்றிய சதுரக் குறியைப் பழையதன் ஒளிப்படக் கண்ணுக்குக் காட்டினாள். கணக்கும் வேண்டாமல், காப்புப் படியும் வேண்டாமல், அருகருகே இருந்த இரு கருவிகளுக்கிடையே செய்திகள் நேரே கடந்தன. பழைய கைப்பேசி மின்கம்பியைப் பிடித்துக்கொண்டே மூச்சுவிட்டது. அது முடியும்வரை நாங்கள் மூவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை.

அதன்பின் ஒப்புநோக்கல் தொடங்கியது. மூலத்தை மகள் ஒலிக்கவிட்டாள், படியை நான் ஒலிக்கவிட்டேன், சரிபார்ப்பவர் அம்மா. ஒவ்வொன்றையும் இருமுறை கேட்டுத் தலையசைத்தார். பதினேழுள் பதினைந்து குறைவின்றி வந்திருந்தன. எட்டாவதும் பதின்மூன்றாவதும் புதியதில் ஒலிக்கவில்லை. பழையதிலும் ஒலிக்கவில்லை. நாளும் நேரமும் இருந்தன, குரல் இல்லை.

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. 2022ஆம் ஆண்டில் அம்மாவின் கைப்பேசி இடம் போதவில்லை எனக் கூறியபோது, தேவையற்றவை என நினைத்துச் சில ஒலிக்கோப்புகளை அழித்தவன் நானே. எவை என்று கேட்டுப் பார்க்கவில்லை. அம்மா அப்போதே அறிந்திருந்தும் ஒருநாளும் என்னிடம் கூறவில்லை. "நீ வேணும்னா செஞ்ச?" என்று மட்டும் அன்றிரவு சொன்னார்.

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. எண் இருக்கின்றது, பாட்டு இல்லை. இவற்றை வகுப்பில் ஒரு செய்தியாகவே சொல்லிக் கடந்திருக்கின்றேன். பழுதுபட்ட ஏடுகள் தீயிலும் ஆற்றிலும் இடப்பட்ட கொடுமையை உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருப்பதை விளக்கும்போது, அறியாமையால் செய்தனரே என்று அவர்கள்மேல் சினந்தும் இருக்கின்றேன். அவர்களும் பயனற்றவை எனக் கருதியே இட்டனர் போலும். இனி அவர்களைச் சினக்கும் தகுதி எனக்கில்லை.

பெயர்ப்பில் வேறொரு வகைப் பிழையும் உண்டு. 2004இல் நான் எழுதிய எம்.ஃபில். ஆய்வேடு பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. குறுந்தகட்டிலிருந்து கணினிக்கும், அதிலிருந்து என் கைப்பேசிக்கும் அக்கோப்பு ஓர் எழுத்தும் குறையாமல் வந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே காட்சி தந்தன. எழுத்துருமாற்றி ஒன்றைக்கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே அது தமிழாயிற்று. வந்து சேர்ந்த யாவும் வாசிக்கத் தக்கனவாகா என்பதற்கு அதுவே சான்று.

ஆதலின் மாணவ நண்பர்களே, இல்லத்துப் பெரியோர்க்குக் கைப்பேசி மாற்றித் தரும் பொறுப்பு இந்நாளில் உங்கள் கைகளிலேயே உள்ளது. ஒரு தலைமுறையின் குரலும் முகமும் அமானிதமாக உங்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அவர்களுடைய கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, அவர்கள் பத்திரம் வைக்கும் இடத்திலேயே வையுங்கள். மாற்றத் தொடங்குமுன் காப்பு எந்நாளில் எடுக்கப்பட்டது எனப் பாருங்கள். காப்பு இல்லை என்று திரை கூறினால், மேலே செல்லும் பொத்தானை அழுத்தாது அங்கேயே நில்லுங்கள். எதை இழக்க அஞ்சுகின்றீர்கள் என அவர்களையே கேளுங்கள். நமக்குக் குப்பையாகத் தோன்றுவது அவர்க்குக் கருவூலமாக இருக்கக்கூடும். புதியதில் அதனை அவர்களே திறந்து, கண்டு, கேட்டுத் தலையசைக்கும்வரை பழையதை அழியாதீர்கள். ஆயிரத்து இருநூறு ரூபாயை மற்றொரு நாள் ஈட்டிக்கொள்ளலாம்.

அப்பதினைந்து குரல்களையும் இப்போது தனிக்கோப்புகளாக எடுத்து மூன்று இடங்களில் வைத்துள்ளேன். அம்மாவின் பழைய கைப்பேசி கடைக்குச் செல்லவில்லை, பீரோவிலேயே இருக்கின்றது.

ஒலிக்காத இரண்டையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அன்றிரவு உறங்கச் செல்லுமுன் அம்மா, "எட்டாவதுல என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும், எழுதிக்கிறியா?" என்றார். ஒரு குறிப்பேட்டை எடுத்தேன். எட்டாவதையும் பதின்மூன்றாவதையும் அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அத்தா இடையில் இருமிய இடத்தையும் விடாமல் சொன்னார். எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது பதின்மூன்றாவதில் ஒரு சொல்லைத் திருத்தினார். அவ்விரண்டின் கீழும், பதிப்பாசிரியர் முறைப்படி, 'அம்மாவின் வாய்மொழி' எனக் குறித்துவைத்திருக்கின்றேன்.